சிமுலேட்டர் தேர்வில் பார்க்கப்படுவது பெரிய விமானத்தை ஓட்டும் திறமை அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

விமானி ஆவது எப்படி என்று விளக்கும் கட்டுரைகள் தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் அவ்வப்போது வெளிவருகின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும், மருத்துவத் தகுதிச் சான்று, பயிற்சிப் பள்ளி, 200 மணி நேரப் பறப்பு, வணிக விமானி உரிமம் என்று படிப்படியாகச் சொல்லிவரும் அவை, உரிமம் கைக்கு வந்ததோடு முடிந்துவிடுகின்றன. உரிமத்துக்கும் வேலைக்கும் நடுவே, நிஜ விமானம் போலவே இயங்கும் பயிற்சிப் பொறியில் விமான நிறுவனங்கள் நடத்தும் சிமுலேட்டர் தேர்வு என்று ஒன்று இருப்பதையும், நன்றாகப் படித்த பிள்ளைகள் பலர் அங்கேதான் தடுக்கி விழுகிறார்கள் என்பதையும் யாரும் எழுதக் காணேன்.

சென்ற மாதம் லால்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தந்தை, தெரிந்தவர் ஒருவர் மூலம் என்னைத் தேடி வந்தார். நிலத்தை அடமானம் வைத்து மகனைப் பறக்கக் கற்கவைத்தவர் அவர். மகன் எழுத்துத் தேர்வையும் கணினியில் நடக்கும் திறனறித் தேர்வையும் தாண்டிவிட்டான். மூன்று வாரத்தில் சிமுலேட்டர் தேர்வு. அதற்குத் தயார்செய்கிறோம் என்று ஒரு பயிற்சி நிலையம் பத்து மணி நேரத்துக்குப் பெருந்தொகை கேட்டிருக்கிறது. இன்னும் கடன் வாங்கலாமா என்று கேட்கத்தான் அவர் வந்திருந்தார். வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்று அவருக்கு விளக்கியதைத்தான், அவரைப் போன்ற மற்றப் பெற்றோருக்கும் போய்ச் சேரட்டும் என்று இங்கே எழுதுகிறேன். பயணிகள் விமானங்களில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பணியாற்றி, அதில் பிற்பாதியைப் பயிற்சி விமானியாகவும் தேர்வாளராகவும் சிமுலேட்டரின் பின்னிருக்கையில் கழித்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

முதலில், அந்த அறைக்குள் நடப்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஆறு நீரியல் அல்லது மின்விசைத் தூண்களின் மேல் நிற்கும் ஒரு பெரிய பெட்டிக்குள், ஏர்பஸ் ஏ320 அல்லது போயிங் 737 விமானத்தின் ஓட்டுநர் அறை அச்சு அசலாக அமைக்கப்பட்டிருக்கும். தேர்வுக்கு வருபவர்களை இருவர் இருவராக உள்ளே அனுப்புவது வழக்கம். ஒருவர் விமானத்தை ஓட்டுவார், மற்றவர் கண்காணித்து உதவுவார். பாதியில் இருவரும் பொறுப்பை மாற்றிக்கொள்வார்கள். ஒருவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் அரைமணி முதல் ஒரு மணி நேரம். புறப்பாடு, குறித்த உயரத்தில் சமன்செய்தல், 45 டிகிரி சாய்வில் முழுவட்டத் திருப்பம், இறங்க முறை வரும்வரை ஒரே இடத்தில் சுற்றும் காத்திருப்பு வட்டம், ஓடுபாதையிலிருந்து வரும் வானொலிக் கற்றைகளைப் பின்பற்றும் ஐஎல்எஸ் கருவி வழியில் ஓடுபாதையை நெருங்குதல், இறங்காமல் மீண்டும் மேலேறும் கோ அரவுண்ட், சில இடங்களில் ஒரு எஞ்சின் செயலிழப்பு, கடைசியில் தரையிறக்கம் என்று அது போகும். ஆட்டோ பைலட்டை அணைத்துவிடுவார்கள். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று வழிகாட்டும் ஃப்ளைட் டைரக்டர் கோடுகளையும் பெரும்பாலும் அணைத்துவிடுவார்கள். கையும் கண்ணும் கருவிகளும் மட்டுமே மிஞ்சும்.

இதைக் கேட்டதும் பிள்ளைகளுக்கு வருகிற முதல் பயம், 'நான் ஜெட் விமானத்தையே தொட்டதில்லையே' என்பது. அவர்கள் பழகிய செஸ்னா 172 சுமார் 1,100 கிலோ எடையுள்ளது. ஏ320 புறப்படும்போது 78 டன் வரை இருக்கலாம். செஸ்னா இறங்க வரும் வேகம் 65 நாட், அதாவது மணிக்கு 65 கடல் மைலை ஒட்டியது; இங்கே அது ஏறத்தாழ 135 நாட். இந்த வித்தியாசம் தேர்வாளருக்குத் தெரியாதா? அழகாகத் தரையைத் தொடவில்லை என்பதற்காக உரிமம் மட்டுமே பெற்ற ஒருவரை நிராகரித்ததாக எனக்கு நினைவில்லை. ஜெட் விமானத்தை ஓட்டக் கற்றுக்கொடுப்பது நிறுவனத்தின் வேலை. அந்தக் கற்பித்தலைத் தாங்கும் அடித்தளம் இந்தப் பிள்ளையிடம் இருக்கிறதா என்பதுதான் தேர்வாளரின் கேள்வி. அந்த அடித்தளம் சின்ன விமானத்தில், முகமூடி போட்டுக்கொண்டு வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறந்த அந்த மணி நேரங்களில் போடப்பட்டிருக்க வேண்டியது.

சிமுலேட்டர் பிறந்ததே இதற்காகத்தான். அமெரிக்காவின் பிங்ஹாம்டன் நகரில், இசை ஆர்கன் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த எட்வின் லிங்க் என்பவர், ஆர்கனுக்குக் காற்றடிக்கும் துருத்திகளைக்கொண்டே 1929-இல் தன் முதல் பயிற்சிப் பொறியைச் செய்தார். அதை அப்போது பொருட்காட்சி விளையாட்டுப் பொருளாகவே பலர் பார்த்தார்கள். 1934-இல் அந்நாட்டு இராணுவ விமானப்படை தபால் சுமக்கும் பொறுப்பை ஏற்று, இரவிலும் மேகத்திலும் கருவிகளை நம்பிப் பறக்கத் தெரியாத இளம் விமானிகள் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து உயிரிழந்த பிறகுதான், அந்தப் படை லிங்க்கின் பொறிகளில் ஆறை வாங்கியது. தொண்ணூறு ஆண்டுகளில் பொறி எவ்வளவோ மாறிவிட்டது. வெளியே ஒன்றும் தெரியாதபோது உன் கண் கருவிகளில் எங்கே நிற்கிறது என்ற கேள்வி மட்டும் மாறவில்லை.

ஆகவே தயாரிப்பு என்பது இந்தக் கண்ணைப் பழக்குவதுதான். விமானத்தின் மூக்கு அடிவானத்துக்கு எத்தனை டிகிரி மேலே இருக்கிறது, எஞ்சினின் விசை எவ்வளவு என்ற இரண்டும் தெரிந்தால் விமானத்தின் வேகமும் ஏற்ற இறக்கமும் தாமாகவே அமைந்துவிடும் என்பது முதல் மாதத்திலேயே கற்பிக்கப்படுகிற பாடம். தேர்வு அறையில் முதலில் மறந்துபோவதும் இதுதான். வேகமானி 5 நாட் குறைந்தால் மாணவன் வேகமானியையே பார்த்துக்கொண்டு விசையைக் கூட்டுகிறான், 737 போன்ற விமானங்களில் எஞ்சின்கள் இறக்கைக்குக் கீழே இருப்பதால் விசை கூடியதும் மூக்கு மேலெழும்புகிறது, உயரம் ஏறுகிறது, உடனே உயரமானியைத் துரத்துகிறான், அதற்குள் திசை நழுவுகிறது. பின்னிருக்கையிலிருந்து பார்க்கும்போது, அவன் விமானத்தை ஓட்டவில்லை, முள்களைத் துரத்திக்கொண்டிருக்கிறான் என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். கண் ஒவ்வொரு முறையும் விமானத்தின் சாய்வைக் காட்டும், நடுவிலுள்ள செயற்கை அடிவானத்துக்குத் திரும்பி வந்து, அங்கிருந்து வேகத்துக்கு, மீண்டும் அடிவானத்துக்கு, அங்கிருந்து உயரத்துக்கு, மீண்டும் அடிவானத்துக்கு என்று போய்வர வேண்டும்.

எந்த விமானத்தின் சிமுலேட்டர் என்று அழைப்புக் கடிதத்திலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். அந்த விமானத்தின் அவசரக் கையேட்டில், வேகமானி நம்பமுடியாமல் போனால் எந்த நிலையில் மூக்கை எத்தனை டிகிரியிலும் விசையை எவ்வளவிலும் வைக்க வேண்டும் என்ற அட்டவணை இருக்கும். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் ஒரு மாணவன் படிக்க வேண்டிய ஒரே பக்கத்தைக் கேட்டால் நான் அதைத்தான் காட்டுவேன். 250 நாட் வேகத்தில் சமமாகப் பறக்க, சக்கரமும் இறக்கையின் மடலும் இறக்கி மூன்று டிகிரிச் சரிவில் வர, கோ அரவுண்டில் மேலேற என்று நாலைந்து ஜோடி எண்கள் மனத்தில் நின்றால் போதும். அந்த எண்களை வைத்துவிட்டுக் காத்திருந்தால், மிச்சமிருப்பது சிறு திருத்தம் மட்டுமே.

காத்திருக்கவும் பழக வேண்டும். ஜெட் எஞ்சின் குறைந்த சுழற்சியிலிருந்து முழு விசைக்கு வரச் சில விநாடிகள் பிடிக்கும். செஸ்னாவில் பழகியவர்கள் விசைப்பிடியைத் தள்ளிவிட்டு, உடனே பலன் தெரியவில்லை என்று மேலும் தள்ளிவிடுவார்கள். ஏ320-இல் விமானத்தைச் சாய்க்கவும் மூக்கைத் தூக்கவும் உதவும் பக்கவாட்டுக் கைப்பிடியை இரும்புப் பிடியாகப் பிடிப்பதும் அப்படித்தான். சிறிது தள்ளி, விட்டுவிட்டால் அந்த நிலையை விமானமே காத்துக்கொள்ளும். ஆனால் 33 டிகிரிக்கு மேல் சாய்த்தால் அந்த உதவி நின்றுவிடும். கைப்பிடியை விட்டால் சாய்வு 33 டிகிரிக்கே திரும்பிவிடும். 45 டிகிரித் திருப்பத்தில் பாரம் 1.4 மடங்கு ஆவதால் மூக்கைச் சற்றுத் தூக்கியும் பிடிக்க வேண்டும். இது தெரியாமல் போகிற பிள்ளை, பாதித் திருப்பத்தில் உயரம் சரிவதைக் கண்டு பதறுவான். தெரிந்தவன் முப்பதைத் தாண்டும்போதே கையைத் தயாராக வைத்திருப்பான்.

மனக்கணக்கும் கைக்கு வர வேண்டும். 10,000 அடி இறங்க ஏறத்தாழ 30 கடல் மைல் வேண்டும். வேகத்தைக் குறைக்க அதற்கு மேல் சில மைல்கள். தரை வேகத்தை ஐந்தால் பெருக்கினால் மூன்று டிகிரிச் சரிவுக்கான இறக்க வேகம் கிடைக்கும். 140 நாட் என்றால் நிமிடத்துக்கு 700 அடி. நிமிடத்துக்கு எத்தனை அடி ஏறுகிறோமோ அதில் பத்தில் ஒரு பங்கு உயரம் மிச்சமிருக்கும்போது சமன்செய்யத் தொடங்க வேண்டும். 14,000 அடி வரை காத்திருப்பு வட்டத்தின் நேர்ப்பகுதி ஒரு நிமிடம்; எந்தப் பக்கமிருந்து வந்தால் மூன்று நுழைவு முறைகளில் எது என்பதைத் திசைகாட்டி வட்டத்தின்மேல் விரலை வைத்தே சொல்லத் தெரிய வேண்டும். இவற்றைப் பேருந்தில் போகும்போதுகூடப் பழகலாம். எதற்கும் காசு இல்லை.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் முதன்முதலில் போன சிமுலேட்டர் தேர்வில் தோற்றேன். ஐஎல்எஸ் வழியில் இறங்கிக்கொண்டிருந்தேன். ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காட்டும் லோகலைசர் கற்றை, நெருங்க நெருங்கக் குறுகும். பத்து மைலில் செய்கிற திருத்தத்தை இரண்டு மைலில் செய்தால் மறுபக்கம் போய் நிற்போம். எனக்கு அது ஏட்டில் தெரியும், கையில் தெரியாது. ஐந்து, பத்து, பதினைந்து டிகிரி என்று வலமும் இடமுமாக அலைந்தேன். சுமார் 600 அடி உயரத்தில், நடுக்கோட்டிலிருந்து விலகலைக் காட்டும் முள் ஓரத்துக்கே போய்விட்டது. அப்போது விசையைக் கூட்டி மேலே ஏறியிருக்க வேண்டும். ஏறினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நினைத்துக் கீழேயே போனேன். மேகம் விலகியபோது ஓடுபாதை என் வலப்பக்கம் இருந்தது. தேர்வாளர் திட்டவில்லை, 'ஏன் மேலே ஏறவில்லை?' என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஏறியிருந்தால் எனக்கு இன்னொரு முறை வாய்ப்புத் தந்திருப்பார் என்பதை, பல ஆண்டுகள் கழித்து நானே அந்த இருக்கையில் உட்கார்ந்தபோதுதான் உணர்ந்தேன். தடுமாறுவது எல்லோருக்கும் நேர்வது. தடுமாறிய பிறகும் இறங்கத் துணிவதைத்தான் தேர்வாளரால் மன்னிக்க முடியாது.

அதற்கான காரணத்தை 2010 மே 22 அன்று மங்களூரில் இந்த நாடே பார்த்தது. துபாயிலிருந்து வந்த விமானம், சரியான சரிவுக்கு மிக மேலே, மிகுந்த வேகத்தில் வந்தும் இறக்கப்பட்டது. மேட்டுநில ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் உயிரிழந்தார்கள். எட்டுப் பேர்தான் தப்பினார்கள். துணை விமானி இறங்க வேண்டாம், மேலேறுவோம் என்று ஒருமுறைக்கு மேல் சொல்லியிருந்ததை விசாரணை அறிக்கை பதிவுசெய்திருக்கிறது. அறையில் இரண்டு பேர் இருந்தும், ஒருவர் சொன்னது மற்றவரைச் செயல்பட வைக்கவில்லை.

நம் ஊர்ப் பிள்ளைகளிடம் நான் அதிகம் கவனித்த குறை இந்த இடத்தில்தான் வருகிறது. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகள் நம்முடையவர்கள். பக்கத்து இருக்கையில் தன்னைவிட இரண்டு வயது மூத்தவர் உட்கார்ந்து வேகம் குறைவதைக் கவனிக்காமல் ஓட்டிக்கொண்டிருந்தால், 'ஸ்பீட்' என்ற ஒற்றைச் சொல்லைச் சொல்லக்கூடத் தயங்குகிறார்கள். அந்தச் சொல் அவமரியாதை அன்று. சொல்லாமல் இருப்பதுதான் கூட இருப்பவரைக் கைவிடுவது. உயரம் நெருங்குகிறது, வேகம் குறைகிறது, முள் விலகுகிறது என்று உரிய சொற்களில் உரக்கச் சொல்லும் துணை, தான் ஓட்டிய பாதியில் சிறிது தடுமாறியிருந்தாலும் என் ஏட்டில் நல்ல பெயரே வாங்கியிருப்பான். வேலைக்குப் போட்டியாளர்தானே, அவன் தவறட்டும் என்று வாய்மூடி இருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களை நான் தேர்ந்தெடுத்ததில்லை. ஆங்கில உச்சரிப்பைப் பற்றிய கூச்சமும் தேவையில்லை. வானொலியிலும் அறைக்குள்ளும் புழங்கும் சொற்கள் வரையறுக்கப்பட்டவை. அவற்றைத் தெளிவாக, பதறாத குரலில் சொன்னால் அது திருச்சி ஆங்கிலமா திருநெல்வேலி ஆங்கிலமா என்று யாரும் கேட்பதில்லை.

இன்னொன்றையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். முந்தைய நாள் தேர்வுக்குப் போனவரிடம் கேட்டு, இன்ன உயரம், இன்ன திசை, இன்ன இடத்தில் எஞ்சின் போகும் என்று மனப்பாடம் செய்துகொண்டு வருவது இப்போது பெருகிவிட்டது. பயிற்சி நிலையங்கள் சில விற்பதும் இந்த மனப்பாடத்தைத்தான். தேர்வாளர் ஒரு திசையை மாற்றிச் சொன்ன உடனே அது கலைந்துவிடும். அதோடு, நாங்கள் வேண்டுமென்றே ஒரு பயிற்சியை நிறுத்தி, 'கையை இப்படி வைத்துப் பார், மறுபடி செய்' என்று சொல்வதுண்டு. இரண்டாம் முறை முதல் முறையைவிடச் சிறப்பாக இருக்கிறதா என்பதுதான் அந்த ஒரு மணி நேரத்தில் நான் மிக ஆவலாகப் பார்க்கும் காட்சி. சொன்னதைக் காதில் வாங்கித் திருத்திக்கொள்பவனுக்கு மற்றதையெல்லாம் கற்றுக்கொடுத்துவிடலாம். மனப்பாடம் செய்து வந்தவன், தான் ஒப்பித்தது நின்றுபோன திகைப்பில் நான் சொல்வதையே கேட்கமாட்டான்.

பணம் அதிகம் செலவாகாத தயாரிப்பு எது என்று அந்தத் தந்தை கேட்டார். ஓட்டுநர் அறையின் படத்தை நிஜ அளவில் அச்சடித்துச் சுவரில் ஒட்டி, எதிரே நாற்காலி போட்டு, ஒரு கையில் விசைப்பிடியும் மறு கையில் கைப்பிடியும் இருப்பதாக வைத்துக்கொண்டு, புறப்பாட்டிலிருந்து தரையிறக்கம் வரை ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லி நாளுக்கு இருமுறை பழகுவதுதான் அது. தோற்ற பிறகு ஸ்ரீரங்கத்து வீட்டில் எட்டு மாதம் நான் செய்ததும் அதுதான். அட்டையில் நானே வரைந்த கருவிகள், அம்மாவின் சமையலறைக் கடிகாரம். உடன் தேர்வு எழுதும் நண்பன் ஒருவனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பழகினால் பலன் இரட்டிப்பாகும். வீட்டுக் கணினியில் ஓடும் எக்ஸ்-பிளேன் போன்ற விளையாட்டு மென்பொருள்களும் கண்ணைப் பழக்க நல்லவை. கையின் உணர்வை அவை தரமாட்டா. இவ்வளவையும் செய்த பிறகு, உண்மையான சிமுலேட்டரிலோ அசையாத பயிற்சிப் பொறியிலோ, நல்ல ஆசிரியர் ஒருவரோடு இரண்டு அமர்வுகள், மிஞ்சிப்போனால் மூன்று. அதற்கு மேல் வேண்டியதில்லை. தேர்வுக்கு முந்தைய இரவு ரயிலில் உட்கார்ந்தபடி டெல்லி வரை போகாமல், ஒருநாள் முன்னதாகப் போய்த் தூங்கி எழும் செலவு, நான்காவது அமர்வைவிடப் பயனுள்ளது.

ஆனால் மூன்று வாரத்தில் திருத்த முடியாத ஒன்று உண்டு. உரிமம் பெற்றபின் அழைப்பு வரும்வரை ஓராண்டு, சிலருக்கு ஈராண்டு, பிள்ளைகள் விமானத்தைத் தொடாமலேயே இருக்கிறார்கள். செலவு மிகுதி என்பதால் பெற்றோரைக் குறைசொல்ல முடியாது. எனினும் தேர்வுக்கு முன் மொத்தமாகச் செலவிடத் துணியும் தொகையில் ஒரு பகுதியை, அந்த இடைவெளியில் சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரு மணி நேரக் கருவிப் பறப்புக்குச் செலவிட்டால் கை துருப்பிடிக்காது.

பயிற்சிப் பள்ளிகளுக்கு என் வேண்டுகோள், கருவிப் பறப்பு மணிகளை ஏட்டில் நிரப்புவதற்காக மட்டும் பறக்கவைக்காதீர்கள் என்பது. ஆட்டோ பைலட்டும் வரைபடத் திரையும் உள்ள புதிய பயிற்சி விமானங்களில் அவற்றை அணைத்துவிட்டும் பழக்குங்கள். 2009-இல் அட்லாண்டிக் கடலில் விழுந்து 228 பேர் உயிரிழந்த ஏர் பிரான்ஸ் விமானத்தில், பனிக்கட்டியால் வேகமானிகள் தவறாகக் காட்டி ஆட்டோ பைலட் விலகியபோது, மூக்கையும் விசையையும் முன்பிருந்த நிலையிலேயே வைத்திருந்தால் விமானம் பறந்துகொண்டே இருந்திருக்கும். அங்கே தேவைப்பட்டது உங்கள் பள்ளியின் முதல் பாடம்தான்.

விமான நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். தேறாதவருக்கு 'தேர்வு பெறவில்லை' என்ற ஒற்றை வரி மின்னஞ்சல் மட்டுமே போகிறது. கருவிகளைப் பார்க்கும் முறை, கை ஓட்டம், பேச்சு, முடிவெடுத்தல் ஆகியவற்றுள் எதில் குறைந்தார் என்று நாலு வரி எழுதி அனுப்பத் தேர்வாளருக்குப் பத்து நிமிடம் போதும். அவர் ஏட்டில் அது ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. மீண்டும் விண்ணப்பிக்கப் பல மாதங்கள் காத்திருக்க வேண்டிய ஒருவர், அந்த மாதங்களில் எதைத் திருத்திக்கொள்வது என்று அறியாமலேயே கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பது நியாயமில்லை. என்னிடம் அன்று அந்தத் தேர்வாளர் கேட்ட ஒரு கேள்வி இல்லாதிருந்தால், இரண்டாம் முறையும் நான் அதே 600 அடியில் அதே தவற்றைச் செய்திருப்பேன்.

அந்தத் தந்தை கடன் வாங்கவில்லை. மகன் இப்போது வாரத்தில் நான்கு மாலை பேருந்தில் என் வீட்டுக்கு வருகிறான். சாப்பாட்டு மேசைக்கு எதிரே படத்தை ஒட்டியிருக்கிறோம். முதல் வாரம் முழுதும் என்னை 'சார்' என்று அழைத்து, என் தவறுகளைப் பார்த்தும் பேசாமல் இருந்தான். நேற்று, நான் வேண்டுமென்றே வேகத்தைக் குறையவிட்டதாகச் சொன்னபோது, 'ஸ்பீட்' என்றான். நான் திருத்தாமல் இருக்கவே, குரலை உயர்த்தி மறுபடியும் சொன்னான். அவனுடைய தேர்வு வருகிற பன்னிரண்டாம் தேதி.

இக்கடிதத்தைத் தங்கள் கல்விப் பக்கத்தில் வெளியிட்டால், அவனைப் போல் காத்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவியாக இருக்கும் என்று நம்புகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற விமானி ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.